சிறுவிடைக் கோழியும் அதன் அடைப் பருவமும்

தமிழ்நாட்டுக் கிராமங்களில் புழக்கடையில் வளர்க்கப்படும் நாட்டுக்கோழிகளுள் உடல் சிறுத்த வகை சிறுவிடை எனப்படும். வளர்ந்த பெட்டை ஏறத்தாழ ஒன்றேகால் கிலோ எடையே இருக்கும். உயர்ந்த கால்களும் சண்டைக் குணமும் கொண்ட பெருவிடையைப் போலன்றி இதன் கால்கள் குட்டையானவை. இறகு நிறமோ கறுப்பு, பழுப்பு, சாம்பல், புள்ளி எனப் பலவாக வேறுபடும். குப்பையைக் கிளறிக் கரையானையும் சிந்திய தானியத்தையும் தானே தேடித் தின்பதால் இதற்கான தீவனச் செலவு மிகக் குறைவு.

ஏறத்தாழ ஆறு மாத வயதில் முட்டையிடத் தொடங்கும் பெட்டை, ஒரு சுற்றில் 12 முதல் 15 முட்டைகள் வரை இட்டபின் ஓய்ந்துவிடும். ஒரு முட்டை உருவாகச் சுமார் 25 மணி நேரமும், அதில் ஓடு படிய மட்டுமே ஏறத்தாழ 20 மணி நேரமும் ஆவதால், முட்டையிடும் வேளை நாளுக்கு நாள் தள்ளிப்போய், இடையில் ஒரு நாள் முட்டையின்றிக் கழியும். வெள்ளை லெகார்ன் கோழி ஆண்டுக்கு 300 முட்டைகள் வரை இட, சிறுவிடை இடுவதோ சுமார் 60 முதல் 80 வரை. எடையும் முட்டைக்கு 35 முதல் 40 கிராம்தான்.

இந்தக் குறைவுக்கு முதன்மையான காரணம், முட்டைகளின் மேல் அமர்ந்து குஞ்சு பொரிக்க முனையும் அடைக் குணமாகும். புரோலாக்டின் என்னும் இயக்குநீர் உடலில் மிகும்போது முட்டையிடுதல் நின்று, பெட்டை இறகைச் சிலிர்த்துக்கொண்டு, நெருங்கும் கையைக் கொத்தும். அடையில் 21 நாள் கிடக்கும் தாய், இரைக்கும் நீருக்கும் மட்டும் சிறிது நேரம் இறங்கி வருவதோடு, கரு ஓட்டின் உட்சவ்வில் ஒட்டிக்கொள்ளாதபடி முட்டைகளை அலகால் அவ்வப்போது புரட்டிவிடவும் செய்கிறது. ஏழாம் நாள் இருட்டில் டார்ச் ஒளியைப் பாய்ச்சிப் பார்த்தால், கரு வளரும் முட்டையில் இரத்த நாளங்கள் சிலந்திவலைபோல் தெரியும்; கருக்கூடாத கூமுட்டை தெளிந்தே காணப்படும்.

முட்டைக்காகவே தேர்ந்தெடுத்துப் பெருக்கப்பட்ட இனங்களில் அடைக் குணம் பெரும்பாலும் மறைந்துவிட்டதால், அவற்றின் அடுத்த தலைமுறை பொரிப்பான் கருவியை நம்பியிருக்கிறது. சிறுவிடையோ மின்சாரமும் முதலீடும் இல்லாத வீட்டிலும் தன் இனத்தைத் தானே பெருக்கிக்கொள்கிறது. முட்டை கூடுதலாக வேண்டுவோர், குஞ்சுகளைச் சீக்கிரமே பிரித்து மின்விளக்கின் வெப்பத்தில் வளர்த்தால், தாய் விரைவில் அடுத்த சுற்று முட்டைக்குத் திரும்பும். ஆகவே, இக்கோழியின் பயனை மதிப்பிடுவோர் கூடையில் சேர்ந்த முட்டைகளோடு அது வளர்த்து ஆளாக்கிய குஞ்சுகளையும் சேர்த்தே கணக்கிடுதல் வேண்டும்.