கோயில் சாவி யார் கையில்?

முத்துக்குளித்துறையின் கதை – 14

தூத்துக்குடியில் எந்த ஆட்டோவில் ஏறி "பெரிய கோயில்" என்றாலும் பனிமய மாதா வாசலில் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். "சின்னக் கோயில்" என்றால் திரு இருதய ஆலயம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே போய்விடலாம். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு இங்கே ஒரு சந்தேகம் எழும். ஆயரின் இருக்கை உள்ள தலைமை ஆலயம் சின்னக் கோயில்தான். ஆனால் ஊரே தாய்க்கோயிலாகக் கொண்டாடுவது பெரிய கோயிலை. 1982-ல் பசிலிக்கா என்ற தகுதியை ரோமாபுரி கொடுத்ததும் அதற்கே. அப்படியானால் ஆயர் ஏன் பெரிய கோயிலில் உட்காரவில்லை?

அதைச் சொல்ல ஏறக்குறைய நூறாண்டு நீண்ட ஒரு சண்டையைச் சொல்ல வேண்டும். அது வழிபாட்டுச் சண்டை என்பார் உண்டு, வெறும் அதிகாரச் சண்டை என்பாரும் உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்க்க என்னால் முடியவில்லை. பவனியில் யார் முன்னால் நடப்பது, மாதாவை எந்தச் சொல்லால் கூப்பிடுவது, கோயில் சாவி யார் இடுப்பில் தொங்குவது என்பதெல்லாம் இந்தக் கடற்கரையில் ஒரே வழக்கின் வாய்தாக்கள்.

ஜூலை 26-ஆம் தேதி காலையில் பெரிய கோயில் கொடியேற்றத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். கொடி மேலே ஏறும் நேரத்தில் பழைய துறைமுகத்தில் நிற்கும் இழுவைக் கப்பல்கள் சங்கு ஊதும். பெண்கள் பாலும் வாழைப்பழமும் கொண்டுவந்து கொடிமரத்தின் அடியில் நேர்ச்சையாக வைப்பார்கள். அந்தப் பழம் அங்கேயே கைமாறி, யாரோ ஒரு குழந்தையின் வாய்க்குப் போகும். எந்தப் பூசைப் புத்தகத்திலும் இதற்கு ஒரு வரி கிடையாது. எந்த ஆயரும் ஆணையிட்டு இது தொடங்கவில்லை. ஆனால் இது இல்லாமல் ஆகஸ்ட் 5 திருவிழா வராது.

இந்த மக்களின் ஞானஸ்நானக் கதையை முந்தைய வாரங்களில் பார்த்தோம். 1530-களில் இந்தக் கரையின் கடலோடிகளான பரதவர்கள் கூட்டம் கூட்டமாகத் திருமுழுக்குப் பெற்றார்கள். 1542-ல் சவேரியார் வந்தார். செபங்களைத் தமிழில் எழுதி வாங்கி, மணி அடித்துக் குழந்தைகளைக் கூட்டி, மனப்பாடம் செய்ய வைத்தார். ஒழுங்கு விஷயத்தில் அவர் கண்டிப்பானவர். 1544-ல் தன் துணைவர் மன்சிலாசுக்கு எழுதிய கடிதங்களில், சாராயம் குடிக்கும் பெண்களுக்கு ஒரு பணம் தண்டமும் மூன்று நாள் காவலும் போடச் சொல்கிறார். இந்தக் கண்டிப்பை ஊரில் நடத்திக் காட்ட வேண்டியவர்கள் யார்? பட்டங்கட்டிமார். ஒவ்வொரு ஊருக்கும் பட்டங்கட்டி, அவர்கள் எல்லாருக்கும் மேலே தூத்துக்குடியில் சாதித் தலைவர். ஊர்த் தலைமையைக் கோயில் தலைமையோடு முடிச்சுப் போட்டதில் குருமார்களுக்கு முதல் நாளிலிருந்தே பங்கு உண்டு. பின்னாளில் அந்த முடிச்சைப் பார்த்து அதிர்ச்சி அடைந்தவர்கள் இதை மறந்துவிட்டார்கள்.

1658-ல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். அவர்கள் கால்வினின் வழிவந்தவர்கள், சுரூபம் கண்ணில் படக்கூடாது. பல்தேயுஸ் என்ற அவர்களுடைய போதகர் பரதவர்களைத் தம் பக்கம் திருப்பப் பாடுபட்டார், முடியவில்லை. கோயிலை இழந்த மக்கள் மாதா சுரூபத்தைக் காப்பாற்றி வைத்துக்கொண்டார்கள். 1713 ஆகஸ்ட் 5-ல்தான் விஜிலியுஸ் மான்சி என்ற இயேசு சபைக் குரு இப்போதைய பெரிய கோயிலை அர்ச்சித்தார்.

அதற்குப் பின் நடந்ததுதான் இந்த வாரக் கதைக்கு வேர். 1759-ல் போர்ச்சுகல் தன் ஆட்சிக்கு உட்பட்ட இடங்களிலிருந்து இயேசு சபையை விரட்டியது. 1773-ல் திருத்தந்தையே சபையைக் கலைத்தார். கடற்கரைக்குக் குருமார் அரிதானார்கள். கோவாவிலிருந்து வந்த சிலர் ஊர் ஊராக அலைந்தார்கள். நோயாளிக்கு அவஸ்தைப் பூசுதல் கொடுக்கக்கூட ஆள் இல்லாத ஊர்கள் இருந்தன.

விளக்கை அணையாமல் வைத்திருந்தது யார்? கோயில்பிள்ளை செபம் சொல்லிக் கொடுத்தார். பட்டங்கட்டி கோயில் கணக்கைப் பார்த்தார். சாவி அவர்கள் கையில் இருந்தது, ஏனென்றால் வாங்கிக்கொள்ள வேறு யாரும் இல்லை. தேர்மாறன் என்று இன்றும் சொல்கிறார்களே, அந்தச் சாதித் தலைவர் தொன் கபிரியேல் தெ குரூஸ் வாஸ் கோமஸ், 1806-ல் மாதாவுக்குப் பொன் தேர் செய்து ஓட்டியது இந்தக் காலத்தில்தான். 2013-லும் 2023-லும் லட்சக்கணக்கானவர்கள் கூடி வடம் பிடித்த அந்தத் தேர், குருமார் அருகிப்போன நாட்களில் ஊர் தானாகச் செய்துகொண்ட தேர். இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பிறகு நடந்த வழக்குகளில் ஒரு தரப்பின் முழு நியாயமும் இதில்தான் இருக்கிறது.

இன்னொரு சங்கதியும் சொல்ல வேண்டும். அந்த நாட்களில் முத்துக் குளிக்கும்போது சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் சொல்கிற "கடல்கட்டி" இல்லாமல் குளியாட்கள் கடலில் இறங்கமாட்டார்கள். மார்க்கோ போலோ காலத்தில் அந்த வேலையைச் செய்த பிராமணர்களுக்கு எடுக்கிற முத்தில் இருபதில் ஒரு பங்கு போனது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் இலங்கைச் சலாபத்தைப் பற்றி எழுதிய எமர்சன் டென்னன்ட், கடல்கட்டிக் குடும்பத்தின் அன்றைய தலைவர் ஒரு ரோமன் கத்தோலிக்கர் என்று குறித்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பூசை, திங்கட்கிழமை சுறாக்கட்டு. பத்துப் பாகம் ஆழத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறவனுக்கு இரண்டும் தேவைப்பட்டன. கரையில் நின்றுகொண்டு அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்த ஊருக்குத்தான், கலைக்கப்பட்ட சபை மீண்டும் உயிர்பெற்ற பிறகு, 1838-ல் புதிய மதுரை மிஷனின் பிரெஞ்சு இயேசு சபையினர் வந்தார்கள். பெர்த்ராந், கார்னியே, மார்த்தேன், துய் ராங்கே என்று முதலில் நான்கு பேர். வந்த சில ஆண்டுகளுக்குள் அவர்களிலும் பின்னால் வந்தவர்களிலும் பலரைக் காலராவும் காய்ச்சலும் கொண்டுபோயின. அவர்களுடைய தியாகத்தைக் குறைத்துப் பேசுவது பாவம். ஆனால் அவர்கள் பிரெஞ்சுப் புரட்சியின் அடி வாங்கிய திருச்சபையின் பிள்ளைகள். குருவின் சொல்லுக்கு எல்லாரும் கட்டுப்படுகிற, ரோமாபுரியைப் பார்த்து நிற்கிற ஒரு கோயில்தான் அவர்கள் மனதில் இருந்தது. இங்கே அவர்கள் பார்த்தது என்ன? தலைவருக்குத் தனி இருக்கை, பவனியில் குடையும் விருதும், தேர் வடத்தில் முதல் மரியாதை, கோயில் வரவு செலவில் ஊர்ப் பெரியவர்களின் கை. பக்கத்து ஊர்த் தேரோட்டத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று அவர்கள் கேட்டார்கள்.

அதே 1838 ஏப்ரலில் திருத்தந்தை பதினாறாம் கிரகோரி வெளியிட்ட ஆணை நெருப்பில் எண்ணெய் ஊற்றியது. கொச்சி, மயிலாப்பூர் முதலிய மறைமாவட்டங்களில் போர்ச்சுகல் அரசுக்கு இருந்த 'பதுரவாதோ' என்ற புரவலர் உரிமையை அது நிறுத்தி வைத்தது. ஆணை உண்மையானதல்ல என்று கோவாக் குருமார் மறுத்தார்கள். ஒரே விசுவாசம், ஒரே இலத்தீன் பூசை, ஆனால் இரண்டு தலைமை. கோவா சாமியார் வைக்கிற பூசை செல்லுமா, அவர் கட்டிவைத்த கலியாணம் செல்லுமா என்று தெருவில் நின்று வாதாடினார்கள். ஒருவர் இன்னொருவரைச் 'சிஸ்மாக்காரன்' (பிளவுக்காரன்) என்று ஏசினார்கள்.

சாதித் தலைவரும் அவரைச் சேர்ந்த மேசைக்காரர்கள் என்ற மேல்குடியினரும் தங்கள் பழைய உரிமைகளில் கை வைக்காத கோவாக் குருமாரோடு பெரும்பாலும் நின்றதில் வியப்பில்லை. பெரிய கோயில் அவர்களிடமே இருந்தது. இயேசு சபையினர் தங்கள் மக்களுக்கென்று வேறு கோயில் எழுப்ப வேண்டியதாயிற்று. அதுதான் சின்னக் கோயில். மேசைக்காரர்களின் அதிகாரத்தில் வெந்துபோயிருந்த சாதாரண மீன்பிடிக் குடும்பங்கள் பல அங்கே போயின. அவர்களுக்குப் புதிய சாமியாரின் கண்டிப்பு ஒரு விடுதலையாக இருந்தது. இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

1857-லும் 1886-லும் ரோமாபுரியும் லிஸ்பனும் உடன்பாடுகள் எழுதிக்கொண்டன. சண்டை தணிந்ததே தவிர இரட்டை ஆளுகை தீரவில்லை. 1923-ல் தூத்துக்குடி மறைமாவட்டம் பிறந்து, இந்த மண்ணின் பிள்ளை திபூர்சியுஸ் ரோச் ஆண்டகை முதல் ஆயரானபோது, பெரிய கோயில் இன்னும் பதுரவாதோவின் கீழிருந்த மயிலாப்பூர் மறைமாவட்டத்தைச் சேர்ந்ததாகவே இருந்தது. அந்தக் கோயிலில் அவர் எப்படி இருக்கை போடுவார்? 1928-ல் ரோமாபுரியும் போர்ச்சுகலும் மறுபடி கையெழுத்திட்ட பிறகுதான் இரண்டு கோயிலும் ஒரே ஆயரின் கீழ் வந்தன. அதற்குள் தலைமை ஆலயம் என்ற பெயர் சின்னக் கோயிலில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

மரபு என்றவுடன் அதன் பக்கம் சாய்கிறவன் நான் என்று இதுவரை படித்தவர்கள் நினைக்கலாம். அப்படியல்ல. வடக்கன்குளத்துக்குப் போய்ப் பாருங்கள். அங்கே 1872-ல் அர்ச்சிக்கப்பட்ட கோயிலைக் கால்சட்டை போல இரண்டு கிளையாகக் கட்டினார்கள். பிள்ளை, முதலியார் சாதியார் ஒரு கிளையில், நாடாரும் மற்றவர்களும் இன்னொன்றில், நடுவில் தடுப்பு. இரண்டு கிளையும் சேருகிற இடத்தில் பீடம். சாமியார் ஒருவர்தான், பூசை ஒன்றுதான், ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. 1910-ல் தடுப்புச் சுவர் இடிக்கப்பட்டது. அதைத் திரும்பக் கட்டவேண்டும், கோயில் எங்களுக்கே உரியது என்று மேல்சாதியார் ஆயர் பார்த் மீது வழக்குப் போட்டார்கள். அவர்கள் சொன்ன காரணமும் 'பழைய வழக்கம்'தான். சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. நீதிமன்றம் ஏற்றிருந்தாலும் அந்தச் சுவர் சுவிசேஷத்துக்கு எதிரானதுதான்.

ஆகவே எந்த மரபு என்று கேட்க வேண்டும். பக்கத்தில் நிற்கிறவனை வெளியே நிறுத்துவதற்காக ஒருவன் பிடித்துத் தொங்குகிற வழக்கம் ஒன்று. சாமியார் அரிதாகிப்போன ஏறக்குறைய எழுபது வருடம் ஒரு ஊரைச் சேர்த்து நிறுத்திய வழக்கம் இன்னொன்று. மேலே இருந்தவர்கள் பல தடவை இரண்டையும் ஒரே துடைப்பத்தால் பெருக்கினார்கள்.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு நடந்ததிலும் இதைப் பார்த்தேன். பூசை தமிழுக்கு வந்தது, சாமியார் மக்களைப் பார்த்துத் திரும்பினார். மிக நல்ல காரியம். சவேரியார் தமிழில் தொடங்கியதைத்தானே அது முடித்து வைத்தது! ஆனால் கூடவே சொற்களும் போயின. 'பூசை' திருப்பலி ஆயிற்று. 'இஸ்பிரீத்து சாந்து' எப்போதோ பரிசுத்த ஆவியாகி, இப்போது தூய ஆவி. 'அர்ச்சியசிஷ்டர்' புனிதர் ஆனார். 'பாவசங்கீர்த்தனம்' ஒப்புரவு அருட்சாதனம் ஆனது. 1969-ல் இந்திய வழிபாட்டுக்குப் பன்னிரண்டு தழுவல்களை ரோமாபுரி அனுமதித்தது. தரையில் அமரலாம், கைகூப்பலாம், ஆரத்தி எடுக்கலாம். உள்ளூர்ப் பண்பாட்டைக் கோயிலுக்குள் கொண்டுவாருங்கள் என்று பயிற்சி முகாம் நடத்தினார்கள். பொன் தேர் ஓடி அப்போது 163 வருடம் ஆகியிருந்தது.

பழைய இலத்தீன் பூசையை விடமாட்டோம் என்று லெபேவர் பேராயரைப் பின்பற்றுகிறவர்கள் பாளையங்கோட்டையில் இன்றும் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. என் பாட்டிக்கும் இலத்தீன் வேண்டியிருக்கவில்லை. அவளுடைய துக்கம் வேறு.

எங்கள் ஊர்க் கோயிலில் நன்மை வாங்க முழந்தாள் போடும் கிராதி ஒன்று இருந்தது. தேக்கு. என் தாத்தாவும் அவருடைய வல்லத்துப் பங்காளிகளும் ஒரு சாளைக் காலத்தின் வருமானத்தைப் போட்டுச் செய்தது. ஒரு சனிக்கிழமை அதைப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். யாரிடமும் கேட்கவில்லை. கோயிலுக்குப் பின்னால் கிணற்றடியில் அந்தக் கட்டைகள் ஐப்பசி மழையில் கிடந்தன. மேல்கட்டையில் முழங்கை ஊன்றி ஊன்றி வழுவழுப்பான இடங்கள் அப்படியே தெரிந்தன. பாட்டி அதைத் தன் முந்தானையால் துடைத்தாள். "கேட்டிருந்தா நாங்களே கழட்டிக் கொடுத்திருப்போமே" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

'பிரியதத்தம்' என்ற பழைய செபத்துக்குப் பதில் 'அருள் நிறைந்த மரியே' என்று புதிய செபத்தைச் சொல்லச் சொன்ன இளம் சாமியாரிடம் மட்டும் ஒருநாள் பேசினாள். "சாமி, பிரியதத்தம்னு கூப்பிட்டுத்தான் என் பிள்ளைகளைக் கடல்லேருந்து திரும்ப வாங்கியிருக்கேன். இப்ப வேற பேர் சொன்னா மாதா கோவிச்சுக்கமாட்டா. எனக்குத்தான் வாய் வரல." அந்தச் சாமியார் நல்லவர். பழையபடியே சொல்லுங்கள் பாட்டி என்று விட்டுவிட்டார்.

அவள் இறந்த இரவில் வீட்டு முற்றத்தில் செபமாலை சொன்னார்கள். உபதேசியார் புத்தகத்தை விரித்துப் புதிய சொற்களில் தொடங்கினார், நாங்கள் பதில் சொன்னோம். இரண்டாவது பத்துமணி ஓடும்போது அடுத்த தெருக் கிழவிகள் ஏழெட்டுப் பேர் வந்து தலைமாட்டில் உட்கார்ந்தார்கள். யாரையும் பார்க்காமல், முதல் மணியிலிருந்து, பிரியதத்தம் என்று தொடங்கினார்கள். உபதேசியார் நிறுத்திவிட்டு அவர்களையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு, அவர்களுக்குப் பழைய பதிலைச் சொல்ல ஆரம்பித்தார்.

(தொடரும்)