அழைத்த குரலும் காத்திருந்த உள்ளமும்

"இறைவன் என்னோடு பேசினார்" என்று எவரேனும் கூறினால், ஒன்று ஆராயாமலே நம்பிவிடுகிறோம். அன்றேல் நகைத்து ஒதுக்கிவிடுகிறோம். இவ்விரண்டும் முறையன்று என்பதை நம் நாட்டிலேயே நிகழ்ந்த ஒரு வரலாறு நமக்கு உணர்த்துகிறது.

1946-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ஆம் நாள். கல்கத்தா நகரின் என்டாலியில் ஆசிரியப் பணி ஆற்றிவந்த லொரேட்டோ சபைக் கன்னியர் ஒருவர், ஆண்டுத் தியானத்திற்காக டார்ஜிலிங் நோக்கி இரயிலில் சென்றுகொண்டிருந்தார். வயது 36. மடத்தைத் துறந்து ஏழையரிலும் ஏழையருக்குப் பணிபுரிய ஆண்டவர் தம்மை அழைப்பதை அப்பயணத்தில் அவர் ஐயமற உணர்ந்தார். "அழைப்புக்குள் ஓர் அழைப்பு" என்று அதனை அவர் பின்னர்க் குறிப்பிட்டார். அவரே அன்னை தெரேசா.

அழைப்பைப் பெற்றவர் அன்றே மடத்தை விட்டு ஓடிவிடவில்லை. தம் ஆன்ம குருவான சேசு சபைத் தந்தை வான் எக்செமிடம் அதனை ஒப்புவித்தார். விவரம் அறிந்த பேராயர் பெரியே உடனே இசையவில்லை, பொறுத்திருக்கச் சொன்னார். அன்னை மீண்டும் மீண்டும் மடல் எழுதி மன்றாடினார், ஆனால் மீறவில்லை. 1948-இல் உரோமையின் அனுமதி கிடைத்தது. அவ்வாண்டு ஆகஸ்டு 17-ஆம் நாள், நீலக்கரையிட்ட வெண்சேலை உடுத்தி மடத்தினின்று வெளியேறினார். ஏறத்தாழ ஈராண்டுக் காத்திருப்பு!

அதன்பின் நேர்ந்ததே நம்மை அதிரச் செய்கிறது. பணி தொடங்கியபின் அவருள்ளத்தில் இருள் சூழ்ந்தது. அழைத்தவர் அருகில் இருப்பதையே அவரால் உணர இயலவில்லை. சிறிது காலம் நீங்கலாக, 1997-இல் மரிக்கும் வரை அவ்விருள் நீடித்தது. 2007-இல் வெளியான அவருடைய மடல்களிலிருந்து உலகம் இதனை விரிவாக அறிந்தது. ஆயினும், ஒருமுறை கேட்டதற்காக அவர் ஆயுள் முழுதும் உழைத்தார்.

அன்பர்களே, இறைச்செய்தி என்பது இனிய உணர்ச்சி அன்று; ஏற்று நிறைவேற்ற வேண்டிய கடமை. அது மெய்யானதாயின் பிறர் ஆராய்வதற்கு அஞ்சாது, தாமதத்தைத் தாங்கும், நம் புகழை அன்று, எளியோரின் நலனையே நாடும். அவசரப்படுத்துவதும், பணம் கேட்பதும், குடும்பத்தைப் பிரிப்பதுமான "செய்தி"களை நாம் ஐயுறுவதே விவேகம்.

சிறுவன் சாமுவேல் தன்னை அழைத்தவர் யாரென அறியாமல் மும்முறை ஏலியிடம் ஓடினான். முதியவர் அவனைக் கடிந்து விரட்டவில்லை, கேட்கக் கற்பித்தார். நம் மகனோ மகளோ ஒருநாள் இரவில் வந்து, "என்னை யாரோ அழைப்பதுபோல் இருக்கிறது" என்று தயங்கி நின்றால், நாம் ஏலியாக இருப்போமா?