வால்பாறை மலைச்சாலை

வால்பாறை மலைச்சாலை என்பது கோயம்புத்தூர் மாவட்டத்தில் ஆழியாற்றையும் வால்பாறையையும் இணைக்கும் மலைப்பாதையாகும். பொள்ளாச்சியிலிருந்து ஏறத்தாழ 65 கி.மீ. தொலைவில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 அடி உயரத்தில் வால்பாறை அமைந்துள்ளது. ஆழியாறு அணையைக் கடந்து ஏறும் இச்சாலையில் எண் இடப்பட்ட 40 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. இது ஆனைமலை புலிகள் காப்பகத்தின் வழியே செல்கிறது.

மழை வேறுபாடு

சூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று, ஆனைமலையின் மேற்குச் சரிவில் மோதி மேலெழுகிறது. மேலே செல்லச் செல்லக் காற்று குளிர்ந்து, அதிலுள்ள நீராவி மழையாகப் பொழிகிறது. வால்பாறைக்கு அருகிலுள்ள சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே மிகுதியாக மழை பெறும் இடங்களுள் ஒன்று. மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும் காற்று வெப்பமடைந்து வறண்டுவிடுகிறது. இதனால் கொங்குச் சமவெளியின் பெரும்பகுதி மழை மறைவுப் பகுதியாக உள்ளது. ஆழியாற்றில் வெயில் அடிக்கும் வேளையில் மேல் வளைவுகளில் மூடுபனியும் கனமழையும் இருக்கலாம். எனவே அடிவாரத்து வானத்தை மட்டும் பார்த்து மலையின் வானிலையைக் கணிக்க முடியாது.

வழியிலுள்ள காட்சிகள்

அடிவாரத்தை அடுத்து குரங்கு அருவி உள்ளது. 9-ஆவது வளைவிலுள்ள லோம்ஸ் காட்சிமுனையிலிருந்து ஆழியாறு நீர்த்தேக்கத்தையும் சமவெளியையும் காணலாம். இப்பகுதியின் பாறைச் சரிவுகளில், தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாடுகள் மேய்வதுண்டு. மேலே சென்றால் தேயிலைத் தோட்டங்கள் தொடங்குகின்றன. அவற்றினிடையே எஞ்சியுள்ள சிறு காடுகளில் சிங்கவால் குரங்குகள் வாழ்கின்றன.

மழைக்காலப் பயணம்

மழையில் இச்சாலையில் ஏறுவதைவிட இறங்குவதே அதிக ஆபத்தானது. பிரேக்கைத் தொடர்ந்து மிதித்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். ஈரச் சாலையில் சக்கரமும் வழுக்கும். ஆகவே ஏறுவதற்குத் தேவைப்படும் அதே குறைந்த கியரில்தான் இறங்கவும் வேண்டும். நியூட்ரலில் இறங்குதல் கூடாது. சாலை குறுகலான இடங்களில் ஏறிவரும் வாகனத்திற்கு இறங்கும் வாகனம் வழிவிட வேண்டும் என்பது விதி. மூடுபனியில் முகப்பு விளக்கைத் தாழ்வாக எரியவிட வேண்டும். உயர் ஒளி பனித்துளிகளில் பட்டுச் சிதறி ஓட்டுநரின் கண்ணையே கூசச் செய்யும். மண் சரியக்கூடிய சரிவுகளின் கீழும், வளைவுகளிலும் வண்டியை நிறுத்தக் கூடாது. கனமழை எச்சரிக்கை விடுக்கப்பட்ட நாள்களில் பயணத்தைத் தள்ளிவைப்பதே பாதுகாப்பானது.