கோணமலைக் கோட்டையும் கோயிற் கற்களும்

சாயல்குடியை அடுத்த கடற்கரை மணலும் பனையுமாகத் தாழ்ந்து கிடப்பது. ஓங்கிய பாறை முகட்டை அரணாகக் கொண்ட கோட்டை அப்பகுதியில் இல்லை. தமிழ் வழங்கும் கரையில் அத்தகைய கோட்டையைக் காண விழைவார் கடல் கடந்து ஈழத்துத் திருக்கோணமலைக்கே செல்லல் வேண்டும். ஆங்கும் பாண்டியர் கயல் அவரை எதிர்கொள்ளும்.

அயர்லாந்துக்கு மேற்கே ஆரான் தீவில், ஏறத்தாழ 300 அடி உயரச் செங்குத்துப் பாறையின் விளிம்பில், சாந்தின்றி அடுக்கிய கன்மதில் ஒன்று உண்டு. அங்கு மக்கள் குடியேற்றம் கிறித்துவுக்கு ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே தோன்றியது. நிலப்புறம் மதில் சூழ, கடற்புறத்தைப் பாறையே காக்கின்றது. கோணமலையின் அமைப்பும் இத்தகையதே. ஆனால் இங்குக் கோட்டை புதிது, கல்லே பழையது.

சம்பந்தர் பாடிய கோணேசர் கோயிலைப் போர்த்துக்கீசியர் 1622இல் இடித்தனர். தளபதி கான்சுடன்டைன் டி சா அக்கோயிற் கற்களைக் கொண்டே 1624இல் கோட்டை எடுப்பித்தான். 1639இல் கண்டியரசன் இராசசிங்கன் துணையுடன் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். பின்னர் அவர் கட்டிய மதில் நிலமுனையின் கழுத்தை அடைத்து நிற்கின்றது. 1795இல் ஆங்கிலேயர் வசமாகிப் பிரெடரிக்குக் கோட்டை எனப் பெயர் பெற்றது. எனவே இக்கோட்டையைப் போர்வரலாற்றுச் சின்னமாக மட்டும் நோக்குதல் குறையுடைத்து. சிதறிய கோயிலொன்றின் ஏடுகளை அடுக்கி வைத்த பெட்டகம் இது.

அவ்வேடுகளுள் இரண்டு ஈண்டு ஆராய்தற்குரியன. ஒன்று, கோட்டையுள் கிடைத்த நிலைக்கல். கிரந்த எழுத்தில் வடமொழியால் அமைந்த அதன் சிதைந்த பகுதி, சக ஆண்டு 1145இல், அஃதாவது கி.பி. 1223இல், சோடகங்கன் என்பான் ஈழம் வந்ததைக் கூறுகின்றது. திருப்பணி செய்த குளக்கோட்டன் இவனே என்பர் அறிஞர் சிலர்.

மற்றொன்று, வாயில் நிலையிற் காணப்படும் இணைக்கயலும் தமிழ்ச் செய்யுளும். குடுமியான்மலைக் கல்வெட்டு, சடையவர்மன் வீரபாண்டியன் ஈழம் வென்று கோணமலையில் இருகயல் பொறித்தமையைப் பேசும். அது 13ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியது. இவ்விரண்டையும் இணைத்து, வாயிற் கயல் அப்பாண்டியன் பொறித்ததே எனத் துணிவாரும் உளர். விருப்பத்திற்கு இசைந்த முடிவுதான். ஆயின் ஐயத்திற்கு இடனுண்டு. குளக்கோட்டன் திருப்பணியைப் பறங்கி பின்னர்ப் பிரிப்பான் என்பது செய்யுட் கருத்து. பறங்கியர் 1505இல்தான் ஈழக் கரையை அடைந்தனர். வருவதுரைத்த வாக்கு என்று கொள்வார் கொள்க. ஆராய்ச்சியாளர் அங்ஙனம் கொள்ளுதல் இயலாது. செய்யுள் அவர் வருகைக்குப் பிற்பட்டதே. கயலோ முற்பட்டதாகவும் இருத்தல் கூடும். ஒரே கல்லில் உள்ளமையால் இரண்டையும் ஒரு காலத்தனவாக்குதல் பொருந்தாது. தனித்தனியே காலம் கணிக்கப்பெறல் வேண்டும்.

கோயிற் கல் அனைத்தும் மதிலேறிவிடவில்லை. 1956இல் மைக் வில்சனும் ஆர்தர் கிளார்க்கும் பாறையடிக் கடலில் மூழ்கித் தூண்களையும் செதுக்கிய கற்களையும் கண்டனர். மதிலுள் முகம் உட்புறமாகத் திரும்பிக் கிடக்கும் கற்களில் எழுத்துடையன எத்துணையோ! கோட்டை இன்றும் படையினர் இருக்கையாக உள்ளது. மதிலைப் பழுதுபார்க்கும் போதெல்லாம், பெயர்க்கும் கல் ஒவ்வொன்றையும் சாந்து பூசுமுன் படியெடுத்தல் இன்றியமையாதது.