சம்பளக் கணக்கு – 14: பழைய கம்பெனியில் கிடக்கும் பி.எஃப்.

புது வேலைக்கு ஆஃபர் லெட்டர் வந்ததும் நோட்டீஸ் பீரியடைக் குறைக்கச் சொல்லி மேனேஜரிடம் மன்றாடுவோம். ரிலீவிங் லெட்டருக்காக ஹெச்.ஆர். பின்னால் அலைவோம். பி.எஃப். ஞாபகம் வருவதோ இரண்டு மூன்று மாதம் கழித்து, வீட்டு அட்வான்ஸோ தங்கச்சி கல்யாணமோ கழுத்தைப் பிடிக்கும்போதுதான். அந்த நேரம் பார்த்து, முன்பே கம்பெனி மாறிய நண்பன் ஒருவன் வந்து சேருவான். “எடுத்துடு மச்சான். கைக்கு வந்தாத்தான் அது நம்ம காசு.”

முதலில், அப்படி எடுக்க விதியில் இடமே இல்லை. பி.எஃப். உள்ள ஒரு கம்பெனியை விட்டு, பி.எஃப். உள்ள இன்னொரு கம்பெனிக்குப் போகிறவர் கணக்கை மாற்றிக்கொள்ளலாம். முடித்து வாங்க முடியாது. முழுப் பணமும் வேலையில்லாமல் இருப்பவருக்கு. அதற்கு இரண்டு மாதம் காத்திருந்தால் போதும் என்பதுதான் வெகுகாலம் இருந்த விதி. வேலை போனால் முக்கால் பங்கை உடனே எடுக்கலாம், மீதிக்கு 12 மாதம், பென்ஷன் பணத்துக்கு 36 மாதம் பொறுக்க வேண்டும் என்று 2025 அக்டோபரில் பி.எஃப். அமைப்பின் மத்திய அறங்காவலர் குழு முடிவெடுத்தது. இத்தனைக்கும் நடுவே, புது கம்பெனியில் பஞ்ச் வைத்துக்கொண்டே பழைய கணக்குக்குக் கிளெய்ம் போட்டவர்கள் ஏராளம்.

பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 15,000 ரூபாய் என்றால் உங்கள் பங்கு 12 சதவீதம், 1,800 ரூபாய். கம்பெனியும் அதே 1,800 போடுகிறது, ஆனால் அதில் 550 மட்டுமே பி.எஃப். கட்டத்தில் விழும். மீதி 1,250 மூன்றாவது கட்டத்துக்குப் போகும். அதுதான் பென்ஷன். “கம்பெனி என் பணத்தை முழுங்கிடுச்சு சார்” என்று பலர் பதறுவது இந்த 550-ஐப் பார்த்துத்தான்.

முதல் இரண்டு கட்டங்களின் கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததே. மாதம் 2,350 வீதம் ஐந்து வருடம், 8.25 சதவீத வட்டியில், ஏறக்குறைய 1,70,000 ரூபாய் ஆகும். 28 வயதில் அதை எடுக்காமல் விட்டு, வட்டி இதே அளவில் நீடித்தால் 58 வயதில் 18 லட்சம். விலைவாசி அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும், மறுக்கவில்லை. ஆனால் இப்போது எடுக்கும் 1,70,000 ஆறு மாதத்தில் எங்கே போனதென்றே தெரியாது என்பதும் நமக்குத் தெரியும்.

வரியும் உண்டு. ஐந்து வருடத் தொடர் பணி முடியாமல் எடுத்தால் அந்தத் தொகை வருமானத்தில் சேரும். 50,000 ரூபாயைத் தொட்டால் 10 சதவீதம் டி.டி.எஸ். பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். உடல்நலக் கேட்டால் வேலை போனவர்களுக்கும், கம்பெனியை மூடியதால் வெளியேறியவர்களுக்கும் விலக்கு இருக்கிறது. முதல் கம்பெனியில் மூன்று வருடம், அடுத்ததில் இரண்டரை வருடம் இருந்தவர் கணக்கை மாற்றியிருந்தால் ஐந்தரை வருடமாகவே எண்ணப்படும். ‘எடுக்கவும் வேண்டாம், மாற்றவும் வேண்டாம், கிடக்கட்டும்’ என்பவர்களுக்கும் 58 வயது வரை வட்டி சேரும். ஆனால் வேலையை விட்ட பிறகு சேரும் வட்டிக்கு வரி உண்டென்று பெங்களூரு வருமான வரித் தீர்ப்பாயம் 2017-இல் சொல்லியிருக்கிறது. (கிராஜுவிட்டி வேறு கதை. அதைக் கம்பெனி விட்டுக் கம்பெனி கொண்டுபோக முடியாது. அது அடுத்த வாரம்.)

எனக்கு வருத்தமெல்லாம் அந்த மூன்றாவது கட்டத்தைப் பற்றித்தான். பென்ஷன் திட்டத்தில் முக்கியம் பணமல்ல, வருடங்கள். சம்பளத்தைப் பணிக்காலத்தால் பெருக்கி 70-ஆல் வகுப்பதுதான் கணக்கு. அதே 15,000 சம்பளத்தில் பத்து வருடம் சேர்ந்தால் 58 வயது முதல் ஆயுள் முழுக்க மாதம் 2,142 ரூபாய். அவருக்குப் பின் துணைக்குப் பாதி. ஒன்பதரை வருடத்தையே பத்தாக எடுத்துக்கொள்வார்கள். அதற்கு முன்னால் எடுத்தால், வருடத்துக்குத் தோராயமாக ஒரு மாதச் சம்பளம் கொடுத்துக் கணக்கை முடித்துவிடுவார்கள். நான்கு வருடம் ஒரு மில், நான்கு வருடம் இன்னொரு மில், மூன்று வருடம் வேறொன்று என்று மாறியவர் ஒவ்வொரு முறையும் எடுத்திருந்தால், பதினொரு வருடம் உழைத்தும் பென்ஷன் கணக்கில் பூஜ்யம். 2,142 ரூபாய் பெரிய தொகை இல்லைதான். வேறெந்த வருமானமும் இல்லாத கிழவிக்கு அதில் மளிகை வந்துவிடும்.

திருப்பூர்ப் பக்கத்து பிரவுசிங் சென்டர்களில் இப்படிப் பென்ஷனையும் சேர்த்து எடுப்பது அன்றாடம் நடக்கிறது. “ரெண்டு கிளெய்மும் சேர்த்தே போட்டுடவாக்கா?” என்று பையன் கேட்பான். “வர்றது வரட்டும் தம்பி” என்பார் அக்கா. பி.எஃப். பணத்துக்குப் படிவம் 19, பென்ஷனுக்குப் படிவம் 10சி, இரண்டும் தனித்தனி. பத்து வருடம் ஆகாதவர், வேலையும் இல்லை, பணம் எடுத்தே ஆக வேண்டும் என்றால், 19-ஐ மட்டும் பணத்துக்குப் போடலாம். 10சி-யில் பணம் கேட்காமல் ஸ்கீம் சர்டிபிகேட் கேட்டால், அதுவரை சேர்ந்த வருடங்கள் உங்கள் பெயரிலேயே நிற்கும். அடுத்த வேலையின் வருடங்கள் அதோடு கூடும். இதை அந்த அக்காவுக்குச் சொல்ல அங்கே ஆளில்லை. 2014 செப்டம்பர் முதல், 15,000-க்கு மேற்பட்ட சம்பளத்தில் முதல்முறையாகச் சேர்ந்தவர்களுக்கு மட்டும் இந்தக் கவலை இல்லை. அவர்களுக்குப் பென்ஷனே கிடையாது.

எடுப்பவர்களை ஊதாரிகள் என்று பேசுவது எனக்கு உடன்பாடில்லை. கம்பெனி போட்ட பங்கை 58 வயது வரை தொடக்கூடாது என்று மத்திய அரசு 2016 பிப்ரவரியில் விதி கொண்டுவந்தபோது, பெங்களூருவில் ஆயிரக்கணக்கான ஆயத்த ஆடைத் தொழிலாளிகள், பெரும்பாலும் பெண்கள், ஏப்ரலில் ஓசூர் சாலையை மறித்தார்கள். பின்னால் பெரிய கட்சி எதுவும் இல்லை. இரண்டே நாளில் அரசு அந்த விதியை வாபஸ் வாங்கியது. ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் நடுவே அவர்களுக்கு இருக்கும் ஒரே சேமிப்பு அதுதான். அவர்களிடம் போய்க் கூட்டுவட்டி பாடம் நடத்தக் கூடாது. மாதம் அறுபதாயிரம் வாங்கிக்கொண்டு பைக்குக்காக பி.எஃப். எடுப்பவரிடம் நடத்தலாம்.

மாற்றுவதென்று முடிவெடுத்தால் வேலை முன்பைவிடச் சுலபம். யு.ஏ.என். (எந்தக் கம்பெனிக்குப் போனாலும் மாறாத உங்கள் பி.எஃப். எண்) ஒன்றே என்றால், 2025 ஜனவரி முதல், ஆதாரோடு விவரங்கள் பொருந்தினால் பெரும்பாலும் கம்பெனி ஒப்புதல்கூட வேண்டாம். பொருந்தினால்! தமிழர்களுக்கு அங்கேதான் இடிக்கும். பி.எஃப்.-இல் ‘எஸ். முருகன்’, ஆதாரில் ‘முருகன் எஸ்’, பான் கார்டில் இனிஷியலை விரித்து ‘முருகன் சுப்பிரமணியன்’. மூன்றும் ஒரே ஆள் என்று கம்ப்யூட்டர் ஒப்புக்கொள்ளாது. திருத்தக் கம்பெனியும் ஊழியரும் சேர்ந்து ஜாயின்ட் டிக்ளரேஷன் கொடுக்க வேண்டிவரலாம்; கம்பெனி மூடிவிட்டால் அது பெரும்பாடு. வெளியேறிய தேதியைக் கம்பெனி ஏற்றாவிட்டால், கடைசிச் சந்தா கட்டி இரண்டு மாதம் ஆனபின் நீங்களே போர்ட்டலில் ஏற்றலாம். மாற்றியபின் புது பாஸ்புக்கில் மூன்றாவது கட்டம் பூஜ்யமாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். பென்ஷன் பணம் இடம் மாறாது. உங்கள் பணிக்கால விவரத்தில் பழைய கம்பெனியின் பெயரும் தேதிகளும் இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். பெயர்த் திருத்தத்தை, பழைய ஹெச்.ஆர். உங்கள் போனை இன்னும் எடுக்கிற நாட்களிலேயே முடித்துவிடுங்கள்.