பழைய டிரைவரும் புதிய பெட்டியும்: காணாமல் போன ஒரு டிஸ்க்கின் கதை

சில மாதங்களுக்கு முன், தெரிந்தவர் ஒருவரின் சின்ன அலுவலகத்தில் சர்வர் மாற்றும் வேலை. பழைய பெட்டியில் ஓடிக்கொண்டிருந்த நாலைந்து விர்ச்சுவல் மெஷின்களைப் புதியதுக்குக் கொண்டுபோக வேண்டும். ஒன்றைத் தவிர எல்லாம் ஒழுங்காக எழுந்துகொண்டன. எழாமல் அடம்பிடித்தது கணக்கு மென்பொருள் இருக்கும் மெஷின். உள்ளே லினக்ஸ் 2.6.32 கர்னல். அந்த மென்பொருளை எழுதிக் கொடுத்தவர்கள் இப்போது தொழிலிலேயே இல்லை, மூலநிரலும் கைவசம் இல்லை. ஆன் செய்தால் கர்னல் ஏறுகிறது, அப்புறம் ரூட் டிஸ்க் கிடைக்கவில்லை என்று நின்றுவிடுகிறது. மறுநாள் காலை சம்பளப் பட்டியல் போட்டாக வேண்டும்.

நகலெடுக்கும்போது டிஸ்க் இமேஜ் கெட்டுப்போச்சோ என்றுதான் முதலில் பயந்தேன். வெளியிலிருந்து திறந்து பார்த்தால் கோப்புகள் எல்லாம் பத்திரமாக இருந்தன. கடைசியில் ரெஸ்க்யூ ஷெல்லுக்குள் போய் பிசிஐ சாதனங்களின் எண்களைப் பார்த்தேன். டிஸ்க்கின் சாதன எண் 1042 என்று இருந்தது. பழைய சர்வரில் இதே டிஸ்க்குக்கு 1001. (இரண்டும் பதினாறடிமான எண்கள்.) சிக்கல் முழுக்க இந்த ஒரு எண்ணில் இருந்தது.

கொஞ்சம் பின்னால் போவோம். விர்ச்சுவல் மெஷினுக்குள் இருக்கும் டிஸ்க், நெட்வொர்க் கார்டு எல்லாம் பெரும்பாலும் நிஜ வன்பொருள் இல்லை. க்யூஎமு போன்ற ஒரு மென்பொருள் அவற்றைப் போல நடிக்கிறது. நிஜத்தில் இருந்த பழைய கார்டுகளைப் போலவே நடித்தால் எல்லா இயங்குதளமும் ஏற்றுக்கொள்ளும், ஆனால் மெதுவாக ஓடும். அதனால் 2008 வாக்கில் லினக்ஸுக்குள் விர்ட்டியோ வந்தது. இது நிஜ வன்பொருளைப் பின்பற்றுவதில்லை. விர்ச்சுவல் மெஷினுக்கென்றே வடிவமைத்த சாதனம், அதற்கென்று தனி டிரைவர். ரஸ்டி ரஸ்ஸல் தொடங்கிவைத்த வேலை.

இது பரவிய பிறகு குறைகள் தெரிந்தன. எண்களை எந்த பைட் வரிசையில் எழுதுவது என்பது உள்ளே ஓடும் மெஷினைப் பொறுத்து மாறும். அமைப்புத் தகவல் தொடங்கும் இடம் எம்எஸ்ஐ-எக்ஸ் இன்டரப்ட் இயங்கினால் 24-வது பைட், இல்லாவிட்டால் 20-வது பைட். இதையெல்லாம் ஒழுங்குபடுத்தி ஓயாசிஸ் அமைப்பில் விர்ட்டியோ 1.0 உருவானது. அதற்கு முந்தையதைத்தான் 'லெகசி' என்கிறார்கள். இரண்டு பேச்சும் தெரிந்த சாதனத்துக்கு 'டிரான்சிஷனல்' என்று பெயர். அதன் எண் 1000-லிருந்து 103எஃப்-க்குள் வரும். புதுப் பேச்சு மட்டும் தெரிந்ததற்கு 1040-லிருந்து தொடங்கும்.

2.6.32 கர்னலின் டிரைவர் 103எஃப்-க்கு மேலே உள்ள எண்ணைத் தொடவே தொடாது. "இது என்னுடையது இல்லை" என்று விட்டுவிடும். டிஸ்க் கண்ணெதிரே இருந்தும் 'கிடைக்கவில்லை' என்றதன் காரணம் இதுதான்.

சரி, க்யூஎமு ஏன் எண்ணை மாற்றியது? பழைய சர்வரில் மெஷின் வகை 440எஃப்எக்ஸ். அது 1996-ல் வந்த இன்டெல் சிப்செட்டின் நகல், சாதாரண பிசிஐ. புதியதில் க்யூ35, அதாவது பிசிஐ எக்ஸ்பிரஸ். லெகசி டிரைவர் சாதனத்தோடு பேச ஐ/ஓ போர்ட்டுகள் வேண்டும். இன்டெல் வகைக் கணினியில் அந்த இடம் மொத்தமே 64 கிலோபைட். பிசிஐ எக்ஸ்பிரஸில் ஒவ்வொரு சாதனமும் தனித்தனி ரூட் போர்ட்டுக்குப் பின்னால் உட்காரும், ஒவ்வொரு போர்ட்டுக்கும் குறைந்தது 4 கிலோபைட் ஒதுக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 16 சாதனத்தோடு இடம் காலி. அதனால் அப்படிப்பட்ட போர்ட்டில் செருகினால் க்யூஎமு தானாகவே லெகசியை அணைத்துவிடுகிறது. நியாயமான முடிவுதான், ஆனால் யாரும் நம்மிடம் சொல்வதில்லை.

தீர்வு சின்னது. க்யூ35-க்குள் ஒரு பழைய பாணி பிசிஐ பிரிட்ஜை வைத்து, டிஸ்க்கை டிரான்சிஷனல் வகையாக அதன் பின்னால் செருகினேன். எண் மறுபடி 1001 ஆனது. ராத்திரி இரண்டு மணிக்கு லாகின் திரை வந்தது.

இதுவரை சொன்னது மென்பொருள் நடிக்கும் சாதனத்தின் கதை. இப்போது விர்ட்டியோவை நிஜ சிலிக்கானிலேயே செய்கிறார்கள். எஸ்ஆர்-ஐஓவி முறையில் ஒரே கார்டு பல குட்டிக் கார்டுகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் ஒரு மெஷினுக்கு நேரடியாகப் போகிறது. அங்கே லெகசி டிரைவரின் நிலைமை இன்னும் மோசம்.

முதலாவது, எஸ்ஆர்-ஐஓவி விதிப்படி குட்டிக் கார்டுக்கு ஐ/ஓ போர்ட்டே கிடையாது. இரண்டாவது, லெகசி டிரைவர் 'ரீசெட்' என்று எழுதியதும் வேலை முடிந்துவிட்டதாகவே எடுத்துக்கொள்ளும். மென்பொருள் சாதனத்தில் இது சரி. அந்த எழுத்தை ஹைப்பர்வைசர் மறித்து, வேலையை முடித்த பிறகுதான் மெஷினை மேலே ஓடவிடும். கவுன்டர்காரர் சீல் குத்தும்வரை வரிசை நகராது என்பது மாதிரி. நிஜ வன்பொருளுக்கோ ரீசெட் ஆக நேரம் பிடிக்கும். அதனால்தான் புதிய விதிப்படி, பூஜ்யம் திரும்பி வரும்வரை டிரைவர் படித்துப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். பழைய டிரைவருக்கு அந்தப் பொறுமையைச் சொல்லிக்கொடுக்க வழியில்லை.

விர்ட்டியோ 1.3-ல் (2023) இதற்கு ஒரு நல்ல வழி சொன்னார்கள். குட்டிக் கார்டில் ஐ/ஓ போர்ட் இருப்பது போல ஹைப்பர்வைசர் பாவனை செய்யும். பழைய டிரைவர் அதில் எழுதுவதை மறித்து, தாய்க் கார்டின் 'அட்மின்' வரிசை வழியே ஒரு கட்டளையாக அனுப்பும். பதில் வந்த பிறகுதான் மெஷின் மேலே ஓடும். ஆக, ரீசெட் உடனே முடிந்தது போலவே டிரைவருக்குத் தோன்றும். நிஜத் தரவு, அதாவது நெட்வொர்க் பாக்கெட்டுகள், இந்தச் சுற்றுவழியில் வருவதில்லை. அவற்றை வன்பொருளே நேராக நினைவகத்தில் எழுதுகிறது. லினக்ஸ் 6.8-ல் இதற்கான டிரைவர் சேர்ந்தது.

எனக்கு இதில் பிடித்தது வேலைப் பங்கீடு. அமைப்பு மாற்றங்கள் எப்போதாவது நடப்பவை, மெதுவானால் பரவாயில்லை. அங்கே மென்பொருளை விட்டார்கள். நொடிக்கு லட்சக்கணக்கில் நடப்பதை வன்பொருளிடமே விட்டார்கள்.

'அந்த கர்னலை மாத்திட்டா போச்சு' என்று நீங்கள் கேட்கலாம். முடிந்தால் மாற்றத்தான் வேண்டும். லெகசி டிரைவருக்கு 32 வசதி பிட்டுகள்தான் தெரியும். ஐஓஎம்எம்யு பாதுகாப்பை ஒப்புக்கொள்ளும் பிட் 33-வது. அதைக் கேட்கக்கூட அதற்கு வாயில்லை. ஆனால் மாற்ற முடியாதவர்கள்தான் இந்த இடத்தில் மாட்டுகிறார்கள். சாதனம் செய்பவர் நாளை ஒரு திருத்தம் கொடுக்கலாம். உள்ளே இருக்கும் பழைய டிரைவரைத் திருத்த யாருமே இல்லை. எனவே இறங்கிவர வேண்டியது சாதனம்தான்.

நீங்களும் பழைய மெஷினை இடம் மாற்றப்போகிறீர்களா? முதலில் உள்ளே இருக்கும் கர்னல் பதிப்பைப் பாருங்கள். லினக்ஸ் 4.0-க்கு முந்தையது என்றால் அநேகமாக லெகசி மட்டும்தான் தெரியும். அப்புறம் மெஷின் வகையை, அப்புறம் சாதன எண்ணைப் பாருங்கள். இமேஜ் கெட்டுப்போச்சு என்று முடிவு கட்டுவது அதற்கெல்லாம் பிறகு.

அந்த மெஷின் இன்னும் ஓடுகிறது. சம்பளமும் அந்த மாதம் தேதி தவறாமல் போனது. அவருக்கு எழுதிக்கொடுத்த குறிப்பின் முதல் வரி மட்டும் இது: அடுத்த முறை சர்வர் மாற்றுவதற்குள் இந்த மென்பொருளை மாற்றிவிடுங்கள்.