ஊரகச் சாலைகளில் பலபடி நிலைப்படுத்திகள்

பலபடி நிலைப்படுத்திகள் என்பன சாலையின் மண்ணுடனோ, சல்லியுடனோ, தாருடனோ கலந்து, அவற்றின் வலிமையையும் நீரைத் தாங்கும் திறனையும் கூட்டப் பயன்படும் பாலிமர் பொருட்கள் ஆகும். இவை இரு வகையில் பயன்படுகின்றன. முதல் வகையில் நீரில் கரைந்த அல்லது பால்மமாக உள்ள பலபடி நேரடியாக மண்ணில் கலக்கப்படுகிறது. இரண்டாம் வகையில் பலபடி தார்க் கலவையில் சேர்க்கப்படுகிறது. நெகிழிக் கழிவைக் கொண்டு போடப்படும் "நெகிழிச் சாலை" இரண்டாம் வகையைச் சேர்ந்தது. இம்முறை மதுரையில் உருவாக்கப்பட்டது. கல்லூரி வளாகத்துக்கு வெளியே இதன் தொடக்ககாலச் சோதனைச் சாலைகளுள் ஒன்று 2002 அக்டோபரில் கோவில்பட்டியில் போடப்பட்டது.

கரிசல் மண்ணும் சாலையும்

தூத்துக்குடி மாவட்டத்தின் கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டங்கள் கரிசல் நிலப் பகுதிகள் ஆகும். விளாத்திகுளம் வட்டத்தைச் சேர்ந்த நாகலாபுரமும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் இப்பகுதியில் அடங்கும். பருத்தி, உளுந்து, கம்பு, மிளகாய், மல்லி ஆகியன இங்குள்ள மானாவாரிப் பயிர்கள். வடகிழக்குப் பருவமழையின் ஈரத்தைப் பல வாரங்கள் பிடித்து வைத்திருக்கும் கரிசல் மண்ணின் இயல்பே இப்பயிர்களை வளர்க்கிறது. அதே இயல்புதான் சாலையை உடைக்கிறது.

கரிசல் மண்ணில் மான்ட்மோரில்லோனைட்டு என்ற களிமண் கனிமம் மிகுந்துள்ளது. இக்கனிமம் மிக மெல்லிய தகடுகளால் ஆனது. மழைக்காலத்தில் நீர் தகடுகளுக்கு இடையே புகுவதால் மண் உப்புகிறது. கோடையில் நீர் வெளியேறுவதால் சுருங்கி வெடிப்பு விடுகிறது. சாலையின் ஓரத்தில் உள்ள மண் விரைவாக நனைந்து விரைவாகக் காயும். நடுப்பகுதியோ தார்ப்பரப்பால் மூடப்பட்டிருப்பதால் மெதுவாகவே மாறும். இந்த வேறுபாட்டால் சாலை சீரற்று மேலெழுந்தும் தாழ்ந்தும், நீளவாக்கில் ஓரங்களில் வெடித்தும் போகிறது. அவ்வெடிப்பின் வழியே அடுத்த மழை உள்ளே இறங்குகிறது.

மண்ணின் தாங்குதிறனைப் பொறியாளர்கள் கலிபோர்னியா தாங்கு விகிதம் என்ற சோதனையால் அளக்கின்றனர். மண்ணை நான்கு நாட்கள் நீரில் ஊறவைத்து இச்சோதனை செய்யப்படுகிறது. இந்தியச் சாலைப் பேராயத்தின் ஊரகச் சாலை வழிகாட்டி, 2 விழுக்காடு உள்ள மண்ணை "மிக மோசம்" என்றும், 3 முதல் 4 வரை உள்ளதை "மோசம்" என்றும் வகைப்படுத்துகிறது. ஊறிய கரிசல் மண் பெரும்பாலும் இவ்விரு வகைகளுக்குள்ளேயே அடங்கும்.

சாலையின் அடுக்குகள்

ஒரு ஊரகச் சாலை கீழிருந்து மேலாகப் பின்வரும் அடுக்குகளைக் கொண்டது.

1. அடிமண்: அவ்விடத்து மண்ணைப் பரப்பி இறுக்கிய தளம்.
2. கீழ் அடித்தளம்: சரளை அல்லது சல்லி கலந்த அடுக்கு. நீரை வடிப்பதும் இதன் பணி.
3. அடித்தளம்: நீர் தெளித்து உருளையால் இறுக்கிய கருங்கல் சல்லி அடுக்கு.
4. மேற்பரப்பு: பொதுவாக 20 மில்லிமீட்டர் தடிப்புள்ள தார்க் கலவை விரிப்பு.

எந்த நிலைப்படுத்தி எந்த அடுக்கில் சேர்கிறது என்பதைப் பொறுத்தே அதன் பயன் அமைகிறது. "சாலையில் பாலிமர் சேர்க்கப்பட்டுள்ளது" என்ற கூற்றிலிருந்து மட்டும் அச்சாலை எவ்வகைச் சேதத்தைத் தாங்கும் என்று அறிய இயலாது.

மண்ணில் பலபடி

வினைல் அசிட்டேட்டு, அக்ரிலிக் வகைப் பலபடிகள் பால்மமாகக் கிடைக்கின்றன. இவற்றை நீரில் கரைத்து மண்ணில் தெளித்துக் கலந்து, உருளையால் இறுக்குவர். நீர் ஆவியானதும் பலபடி மெல்லிய படலமாக மாறி மண் துகள்களைப் பிணைக்கிறது. மணற்பாங்கான மண்ணிலும் சரளை மண்ணிலும் இம்முறை நல்ல பலன் தருகிறது. புழுதியை அடக்கவும் இது பயன்படுகிறது.

களிமண்ணில் நிலைமை வேறு. களிமண் துகள்கள் மிக நுண்ணியவை ஆதலால் அவற்றின் மொத்தப் புறப்பரப்பு மிகப் பெரிது. அத்தனையையும் படலத்தால் பிணைக்க மிகுதியான பலபடி தேவைப்படும். ஈரக் கரிசல் கட்டிகட்டியாகத் திரள்வதால் பால்மம் சீராகக் கலப்பதும் கடினம். ஆகவே கரிசல் மண்ணுக்கு முதலில் பரிந்துரைக்கப்படுவது சுண்ணாம்பே ஆகும். மண்ணின் எடையில் ஏறத்தாழ 3 முதல் 5 விழுக்காடு சுண்ணாம்பு சேர்க்கும்போது, அதன் கால்சியம் அயனிகள் களிமண் தகடுகளை நெருங்கச் செய்து உப்புதலைக் குறைக்கின்றன. பின்னர் களிமண்ணின் சிலிக்காவுடனும் அலுமினாவுடனும் சுண்ணாம்பு வினைபுரிந்து, சிமெந்தை ஒத்த பிணைப்பு உருவாகிறது. உப்பாத மண்ணை 0.6 முதல் 1 மீட்டர் தடிப்பில் கரிசலின் மேல் இட்டு இறுக்குவது மற்றொரு வழி.

தாரில் பலபடி: நெகிழிச் சாலை

மதுரை தியாகராசர் பொறியியற் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் இரா. வாசுதேவன் இம்முறையை உருவாக்கினார். 2002 இல் கல்லூரி வளாகத்தில் ஒரு சாலை போடப்பட்டது. அதே ஆண்டில் கோவில்பட்டி, மதுரை, சேலம், சென்னை ஆகிய இடங்களில் சோதனைச் சாலைகள் அமைந்தன. 2006 இல் இம்முறைக்குக் காப்புரிமை கிடைத்தது. வாசுதேவனுக்கு 2018 இல் பத்மசிறீ விருது வழங்கப்பட்டது.

செய்முறை எளியது. தூய்மை செய்யப்பட்ட பைகள், உறைகள் போன்ற நெகிழிக் கழிவு சில மில்லிமீட்டர் அளவுள்ள துண்டுகளாக நறுக்கப்படுகிறது. கலவை ஆலையில் சல்லி ஏறத்தாழ 170 பாகை செல்சியசுக்குச் சூடாக்கப்பட்டு, அதன்மேல் துண்டுகள் தூவப்படுகின்றன. ஒரு நிமிடத்துக்குள் நெகிழி இளகிச் சல்லியின்மேல் படலமாகப் படிகிறது. அதன் பின்னரே சூடான தார் சேர்க்கப்படுகிறது. நெகிழி முதலில் கல்லைச் சேர்வதால் இது உலர்முறை எனப்படுகிறது. பலபடியைத் தாரிலேயே முன்கூட்டிக் கரைப்பது ஈரமுறை எனப்படும்.

கருங்கல்லின் பரப்பு தாரைவிட நீரையே எளிதில் ஏற்கும். எனவே தேங்கிய நீர் நாளடைவில் தாரைக் கல்லிலிருந்து உரித்துவிடுகிறது. சல்லி பெயர்ந்து குழி விழுவது இவ்வாறே. நெகிழிப் படலம் கல்லின் நுண்துளைகளை அடைப்பதால் நீர் புகுவது குறைகிறது. படலத்துடன் தாரும் நன்கு ஒட்டுகிறது.

3.75 மீட்டர் அகலமுள்ள ஒரு கிலோமீட்டர் சாலைக்கு ஏறத்தாழ 10 டன் தார் தேவைப்படும் எனக் கணக்கிடப்படுகிறது. அதில் ஒரு டன்னுக்கு ஈடாக ஒரு டன் நெகிழிக் கழிவைப் பயன்படுத்தலாம். இந்தியச் சாலைப் பேராயம் 2013 இல் வெளியிட்ட வழிகாட்டி, தாரின் எடையில் 6 முதல் 8 விழுக்காடு நெகிழியைப் பரிந்துரைக்கிறது.

ஆய்வும் பரவலும்

2002 முதல் 2006 வரை சென்னை, ஈரோடு, மதுரை ஆகிய இடங்களில் போடப்பட்ட சில நெகிழிச் சாலைகளை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆய்வு செய்து 2008 இல் அறிக்கை வெளியிட்டது. அச்சாலைகளில் குறிப்பிடத்தக்க குழிகளோ, சல்லிப் பெயர்வோ காணப்படவில்லை என அவ்வறிக்கை கூறியது. தமிழ்நாட்டின் ஊரக வளர்ச்சித் துறை இம்முறையை ஊரகச் சாலைகளில் பயன்படுத்தத் தொடங்கியது. பல ஊர்களில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் நெகிழியைச் சேகரித்து நறுக்கும் பணியை மேற்கொண்டன.

கரிசல் நிலத்துக்குப் பொருந்துமா?

நெகிழி சேரும் தார் விரிப்பின் தடிப்பு 20 மில்லிமீட்டர் மட்டுமே. கரிசல் மண்ணின் உப்பலோ ஒரு மீட்டருக்கும் கீழிருந்து எழக்கூடியது. மேலிருந்து வரும் மழையால் தார் உரிவதை நெகிழி தடுக்கும். கீழிருந்து மண் தள்ளுவதை அது தடுக்காது. அடிமண்ணைச் சீர் செய்யாமல் மேற்பரப்பில் மட்டும் நெகிழி சேர்த்தால், நல்ல விரிப்பும் அடிமண்ணோடு சேர்ந்தே வெடிக்கும்.

எனினும் இரண்டும் ஒன்றுக்கொன்று துணையாகக்கூடியவை. உரியாத மேற்பரப்பு, அடிமண்ணுக்குள் நீர் இறங்குவதைக் குறைக்கிறது. ஆகவே கரிசல் பகுதிச் சாலைக்கு உகந்த வரிசை பின்வருமாறு:

1. சாலையை வயல் மட்டத்துக்கு மேல் உயர்த்துதல்.
2. பக்கக் கால்வாய்களும் சிறுபாலங்களும் அமைத்து நீரை வடித்தல்.
3. அடிமண்ணில் சுண்ணாம்பு கலத்தல், அல்லது உப்பாத மண்ணை இடுதல்.
4. ஓரங்களை நீர் புகாதவாறு இறுக்குதல்.
5. மேற்பரப்பில் நெகிழி கலந்த தார் விரிப்பை இடுதல்.

பேருந்து ஒன்றிரண்டே வரும் சிற்றூர்களில், சாலை உடைந்தால் மழைக்காலத்தில் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் செல்வது தடைப்படும். அறுவடையும் சந்தைக்குச் சேராது. முதல் மூன்று பணிகளுக்கு ஆகும் செலவு சாலை முடிந்தபின் கண்ணுக்குத் தெரிவதில்லை. எனினும் சாலையின் ஆயுளைப் பெரிதும் முடிவு செய்வன அவையே.

எச்சரிக்கைகள்

பிவிசி எனப்படும் பாலிவினைல் குளோரைடு வகை நெகிழியைப் பயன்படுத்தலாகாது. சூட்டில் அது ஐதரசன் குளோரைடு வளிமத்தை வெளியிடும். பாலித்தீன், பாலிபுரொப்பிலீன், பாலிசுடைரீன் ஆகியன ஏற்கத்தக்கவை. வெப்பநிலை வரம்பை மீறிச் சூடாக்கினால் இவையும் சிதைந்து நச்சு வளிமங்களைத் தரும். எனவே ஆலையில் வெப்பமானியும் பணியாளருக்குப் பாதுகாப்பும் இன்றியமையாதன. சாலை தேயும்போது நுண்ணெகிழித் துகள்கள் மண்ணிலும் நீரிலும் கலக்கக்கூடும் என்ற கவலையும் எழுப்பப்பட்டுள்ளது. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருட்களுக்கு 2019 சனவரி 1 முதல் தடை உள்ளது. நெகிழிச் சாலை ஏற்கெனவே சேர்ந்துவிட்ட கழிவுக்கு ஒரு பயனைக் காட்டுகிறதே அன்றி, நெகிழிப் பயன்பாட்டைத் தொடர்வதற்குக் காரணம் ஆகாது.